நேர்ந்த பிள்ளையின் தட்டு

ஐவி கன்னியர் மடத்திலிருந்து திரும்பி வந்த அன்று, அவள் அம்மா மர்சலின் அக்கா முதலில் செய்த காரியம் பரணில் ஏறி ஒரு தட்டைத் தேடியதுதான். மகளைக் கட்டிக்கொள்ளவில்லை. ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. "பெட்டிய ஓரமா வெய்யி" என்று சொல்லிவிட்டு முக்காலியைப் போட்டு ஏறிவிட்டாள். பழைய பேப்பரில் சுற்றிக் கட்டியிருந்த பீங்கான் பூச்சுத் தட்டு, நீலக்கரை போட்டது, மூன்று வருடத் தூசியோடு கீழே வந்தது. அதைத் தேய்த்து, வெந்நீரில் அலசி, மாதா படத்துக்குக் கீழே மூலையில் கவிழ்த்து வைத்தாள். அதற்கப்புறம்தான் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

நான் அப்போது வாசற்படியில் நின்றிருந்தேன். நிற்காமல் எங்கே போவேன்? சாந்தோமில் கடலுக்கு இறங்குகிற சந்து ஒன்றில் ஆறு வீடுகள் ஒரே கூரையின் கீழ், நடுவில் ஒரு கிணறு. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் ஆறு வீட்டிலும் தும்முவார்கள். என் பெயர் சண்முகவடிவு. வீட்டுக்காரர் இசக்கிமுத்துவுக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நாலு வருடம் ஆகியும் எனக்கு இந்த ஊர்ப் பேச்சும் வரவில்லை, வாயை அடக்கவும் வரவில்லை. இது எழுபத்து நாலாம் வருடப் புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் நடந்தது.

மர்சலின் அக்காவின் புருஷன் பவுல்சாமி அண்ணன் அடையாறு பஸ் டிப்போவில் மெக்கானிக். அவர் காக்கிச் சட்டையைப் பிழிந்தால் ஒரு பஸ்ஸுக்கு வேண்டிய கிரீஸ் வரும். அக்காவுக்கோ கோயில் துணி துவைக்கிற ஊழியம். பூசைப் பீடத்து விரிப்பு, சாமியார் போட்டுக்கொள்கிற நீள அங்கி, நற்கருணைப் பாத்திரத்தைத் துடைக்கிற சின்னச் சின்ன வெள்ளைத் துண்டுகள் எல்லாம் இவள் கைக்குத்தான் வரும். அதற்கென்று வீட்டில் தனியாக ஒரு வெள்ளைப் பேசின். தனிச் சோப்பு, தனி நீலம், தனிக் கொடி. கஞ்சி காய்ச்சுகிற சட்டி கூடத் தனி. அந்தச் சின்னத் துண்டுகளை அலசிய முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடமாட்டாள். கிணற்றுக்கு மேற்கே ஒரு பூவரசு நின்றது. அதன் தூரைச் சுற்றிச் செங்கல் பதித்து, யாரும் கால் வைக்காத இடமாக ஆக்கி வைத்திருந்தாள். அங்கேதான் அந்தத் தண்ணீரை ஊற்றுவாள். ஊற்றும்போது உதடு அசையும்.

கோயில் துணி முடிந்த பிறகு அதே பேசினில் ஐவியின் துணி. அதற்கு அப்புறம் அந்தப் பேசினைக் கவிழ்த்துவிட்டு, தகர வாளியை இழுத்துப்போட்டுப் புருஷனுடையதும் தன்னுடையதும். கொடியும் இரண்டு. பூவரசுக்கும் சுவருக்கும் இடையில் கட்டியது கோயிலுக்கும் ஐவிக்கும். கிணற்றடியில் கட்டியது மற்றவர்களுக்கு.

ஏனென்றால் ஐவி நேர்ந்த பிள்ளை. மூன்று வயதில் தொண்டை அடைத்துச் சாகக் கிடந்தவளை அம்மா மாதாவுக்கு நேர்ந்துவிட்டு மீட்டாளாம். அந்தக் காய்ச்சலில் மூத்தவள் பிலோமி போய்விட்டாள், இளையவள் பிழைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஐவிக்குக் காது குத்தவில்லை. தலையில் பூ இல்லை. கலர்த் துணி இல்லை. குழம்பு கொதித்து இறங்கினால் முதல் கரண்டி அவளுக்கு. மூலையில் உட்கார்ந்து அவள் நீலக்கரைத் தட்டில் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குப் பாய் விரியும். பதினெட்டு முடிந்ததும் மடத்துக்குப் போனாள். அங்கே மூட்டுக் காய்ச்சல் வந்து அது இருதயத்தைத் தொட்டுவிட்டது. மாடி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும், பெரிய மதர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வண்டி வைத்து அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் நேர்ந்துவிடுவது என்றால் கிடாதான். காதில் ஒரு வெட்டு வெட்டிச் சுடலைமாட சாமிக்கு என்று விட்டுவிடுவார்கள். அது யார் கொல்லையில் மேய்ந்தாலும் அடிக்க மாட்டார்கள். வேலை வெட்டி இல்லாமல் திரிகிற பையனை 'நேந்துவிட்ட கிடா' என்று வைகிற வழக்கம் அதில் வந்ததுதான். வந்த புதிதில் எனக்கும் ஐவிக்கும் பேச்சு ஓடியது. புத்தி இல்லாமல் இதைச் சொல்லிச் சிரித்தேன்.

"எங்கூர்ல நேந்துவிட்டதுக்குத் தீனி தாராளம் பிள்ள. ஊரே போடும். தடவிக் குடுக்கதுக்குத்தான் ஆள் கிடையாது."

ஐவியும் சிரித்தாள். பிறகு கையிலிருந்த நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"இங்கியும் அதேதாங்க்கா."

அப்போது அவளுக்குப் பதினேழோ பதினெட்டோ. இப்போது இருபத்தொன்று. திரும்பி வந்த மூன்று வாரத்தில் அவள் அந்த வீட்டில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எல்லோரோடும் பாயில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அக்கா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் அக்கா கடைக்குப் போயிருந்த நேரம், ஐவி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்கே பார்க்கப் பயமாக இருந்தது. பூச்சி போலச் சின்ன மீன். தலையைக் கிள்ளத் தெரியாமல் உடம்பையும் சேர்த்துக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மூச்சு வேறு இரைத்தது.

"ஏ பிள்ள, உனக்கு எதுக்கு இந்த வேல? அம்மா பாத்தா ஆடிருவாங்க."

"ஆடட்டும். மடத்துலயும் எனக்கு மீனு ஆயக் குடுக்க மாட்டாங்க, துணி மடிக்கிற வேலதான். இங்க வந்தா இங்கியும் தொடாத, உக்காரு, ஜெபம் பண்ணுன்றாங்க. நான் இன்னா மாதா சுருபமாக்கா, கண்ணாடிப் பொட்டில வெக்கிறதுக்கு?"

சொல்லி வாய் மூடவில்லை, அக்கா வந்துவிட்டாள். சட்டியைப் பிடுங்கினாள். ஐவியின் இரண்டு கையையும் பிடித்து இழுத்துப்போய், தானே தண்ணீர் மொண்டு ஊற்றினாள். ஆனால் கையைத் தேய்த்துவிடவில்லை. ஒரு முழம் தள்ளி நின்று ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"திங்கக்கெழம நீ போற எடத்துல இதெல்லாம் செய்ய வேணாம். மால கோக்கலாம், துணி மடிக்கலாம். சிஸ்டருங்க நல்லா பாத்துக்குவாங்க."

அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. திண்டிவனம் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் இல்லம் ஒன்றுக்கு, ஐவியை அங்கேயே தங்கி ஊழியம் செய்யச் சேர்த்துக்கொள்ளும்படி அக்கா எழுதிப்போட்டிருக்கிறாள். வரச்சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. நவம்பர் நாலாம் தேதி காலை பஸ். ஐவி ஈரக்கையைப் புடவையில் துடைக்காமல் நீட்டிக்கொண்டே நின்றாள்.

"நான் போவலம்மா."

"போய்த்தான் ஆவணும். சாமிக்குக் குடுத்தத நடு ஊட்ல வெச்சிக்கினு சோறு போட முடியாது."

அன்று பவுல்சாமி அண்ணன் வந்ததும் பெரிய சண்டை. எங்கள் வீட்டுச் சுவர் வழியாக எல்லாம் கேட்டது. ஒட்டுக்கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"அடியே, மடத்துலயே வேணாம்னு திருப்பி அனுப்சிட்டாங்கோ. இன்னும் இன்னாத்துக்கு அத்த தொரத்திக்கினு கீற? நோவு புடிச்ச புள்ளடி. நம்ம பக்கத்துல கெடக்கட்டுமே."

"உனக்குத் தெரியாது, நீ சும்மா கெட."

"இன்னா தெரியாது எனக்கு? சொல்லு, தெரிஞ்சிக்கிறேன்."

பாத்திரம் உருளுகிற சத்தம்தான் வந்தது.

தீபாவளி நெருங்கியதால் எங்கள் வீட்டுக்காரர் நின்றபடி சோறு தின்று ஓடுகிற நாட்கள் அவை. இதை அவரிடம் சொன்னபோது அவர் கடைக் கதையைச் சொன்னார். வருகிறவர்கள் ஒரு புடவை பிடித்துப்போய், "இத ஒதுக்கி வெய்யுங்க, நாளைக்கு வாரேன்" என்பார்களாம். பெயர் எழுதிச் சீட்டுக் குத்தித் தனி அலமாரியில் வைப்பார்கள். சிலர் திரும்பி வரவே மாட்டார்கள். சீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி அடுக்கில் சேர்த்தாலும் அதை எடுத்து விரித்துக் காட்ட எந்தச் சேல்ஸ்மேனுக்கும் கை வராதாம். "அது யாருதோன்னு ஒரு நெனப்பு வந்துருது" என்றார்.

அக்டோபர் முப்பத்தொன்று, வியாழக்கிழமை. மறுநாள் சகல புனிதர் திருநாள், சனிக்கிழமை கல்லறைத் திருநாள். கோயிலிலிருந்து இரண்டு மூட்டை துணி வந்திருந்தது. ஐந்து நாளாக விட்டு விட்டு மழை. அன்று காலை கொஞ்சம் வெளிச்சம் காட்டியதும் அக்கா உட்கார்ந்துவிட்டாள். அலசி, நீலம் போட்டு, கஞ்சி முக்கி, பூவரசங்கொடி நெடுக வெள்ளையாகக் காயப்போட்டாள். கடைசியில் ஐவியின் வெள்ளைச் சேலை. மதியம் கோயிலுக்கு எதையோ கேட்கப் போனவள், "வடிவு, மேகத்த ஒரு கண்ணு பாத்துக்கோ" என்றாள். ஐவி உள்ளே படுத்திருந்தாள்.

நானும் அன்றைக்குத்தான் புதுச் சுங்குடிச் சேலையை முதல் தண்ணீரில் நனைத்துக் கிணற்றடியில் போட்டிருந்தேன். அரக்குச் சிவப்பு.

மூன்று மணிக்குக் கடல் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்த மழை, சொல்லிவிட்டு வரவில்லை. நான் ஓடினேன். கை எட்டியதை எல்லாம் உருவினேன். சுங்குடி, அண்ணனின் காக்கி, பிறகு ஓடிப்போய் அந்தக் கொடியில் இருந்த விரிப்பு, துண்டுகள், ஐவியின் சேலை. எல்லாவற்றையும் ஒரே சுருணையாக மார்போடு அணைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குள் பாய்ந்து பாயில் கொட்டினேன். உதவி செய்துவிட்ட பெருமையில் மூச்சு வாங்கி நின்றேன். ஐவிதான் முதலில் பார்த்தாள்.

"அக்கா... செவப்பு."

சுங்குடிச் சாயம் ஊறியிருந்தது. பீடத்து விரிப்பில் ஒரு மூலை. ஐவியின் சேலையில் பாதி. அதன் மேலேயே காக்கியின் கிரீஸ்.

அதே நேரம் அக்கா நனைந்துகொண்டு உள்ளே வந்தாள், பின்னாலேயே காலை ஷிப்டு முடிந்து பவுல்சாமி அண்ணனும். அக்கா குனிந்து விரிப்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "எலுமிச்சம்பழம் போட்டாப் போயிடும்" என்று அமைதியாகத்தான் சொன்னாள். பிறகு ஐவியின் சேலையை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கலந்துபோச்சே. ஐயோ, எல்லாத்தோடவும் கலந்துபோச்சே. மாதாவே, நான் கலக்கலம்மா. நான் தனியாத்தாம்மா வெச்சிருந்தேன்."

"எக்கா, நான்தான் தெரியாமச் செய்துட்டேன். வேற சேல எடுத்துக் குடுக்கேன்க்கா."

"சேல இன்னாத்துக்குடி? போச்சி. இவ இங்க இருக்கக் கூடாது. நாளைக்கே போவட்டும். நாளைக்கே கொண்டுபோயி உட்டுட்டு வந்துடு" என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள். கத்திக்கொண்டே கட்டிலடியிலிருந்து ஐவியின் தகரப் பெட்டியை இழுத்தாள்.

பவுல்சாமி அண்ணன் பெட்டி மேல் காலை வைத்தார். மழைத்தண்ணீர் அவர் சட்டையிலிருந்து அதன் மேல் சொட்டியது.

"பொட்டியத் தொட்ட, கைய ஒட்ச்சிடுவேன். இன்னா உன் கத? இன்னிக்கி சொல்லு. புள்ள மேல உனக்கு இன்னா கோவம்? பிலோமி செத்து இவ பொழச்சாளே, அதானா?"

அக்கா நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அடித்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

"கோவமா? எனக்கா?"

ஐவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை. சாயம் ஊறிய சேலையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே பேசினாள்.

"ரெண்டு பேருக்கும் தொண்ட அடச்சிகிச்சி. நீ ரிப்பேரு வண்டியோட வெளியூருல கீற. ஆசுபத்திரில டாக்டரு கைய விரிச்சிட்டாரு. நான் ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல முட்டி போட்டுக்கினு கீறேன். மாதாகிட்ட சொன்னேன், ரெண்டயும் காப்பாத்து, ஒண்ண உனக்கே குடுத்துடறேன்னு. எதன்னு கேட்டாப்ல இருந்துச்சி. உடனே சொல்ட்டேன். ஒரு நிமிசம்கூட யோசிக்கல. பெரியவள எடுத்துக்கோன்னேன்."

அக்கா சேலையை இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள்.

"நான் நேந்துவிட்டது பிலோமிய. இவள இல்ல. இவள எனக்குன்னு எடுத்து வெச்சிக்கினேன். அப்டி சொல்லி அர நாளு ஆவல, பிலோமி பூட்டா."

"அப்பறம் ஏன்க்கா இவள நேந்த பிள்ளன்னு சொன்னீங்க?" என்றேன். வாயை அடக்க வராது என்றேனே.

"பயம் வடிவு. நான் எனக்குன்னு வெச்சிக்கினது ஆண்டவருக்குத் தெரிஞ்சா இதயும் எடுத்துக்குவாரு இல்ல? அதான் ஊருபூரா சொன்னேன், இதுவும் உன்னுதுதான் உன்னுதுதான்னு. அவுரு பொருளுன்னு நெனச்சா கைய வெக்க மாட்டாருன்னு. பொய்யி. பதினெட்டு வருசப் பொய்யி. அப்பறம் சாமியாரு நல்ல மனசோட மடத்துக்கு எழுதிட்டாரு. நான் இன்னான்னு சொல்லி நிறுத்துவேன்? இப்ப ஆண்டவரு நெஞ்சுல நோவோட திருப்பி அனுப்சிட்டாரு. கண்டுபுட்ச்சிட்டாருடி. பக்கத்துல உக்காரவெச்சி சோறு போட்டன்னா அன்னிக்கே எடுத்துக்குவாரு."

பவுல்சாமி அண்ணன் காலைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த..." என்றார். முகத்தை ஈரச் சட்டையால் மூடிக்கொண்டார்.

ஐவி அழவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"நெனவு தெரிஞ்சி ஒரு தபாகூட நீ என்னத் தூக்கினதில்லம்மா. தல வாரி உட்டதில்ல. ஜொரம்னா கூட நைனாதான் தொட்டுப் பாக்கும். நான் சாமிக்கின்னு நெனச்சி, சரி, அம்மாக்கு நான் வேணாம்னு உட்டுட்டேன். மடத்துலயும் அதான் நெனச்சிக்கினு படுப்பேன். அம்மாக்கு என்ன வேணாம்."

"பாத்துக்கினே இருந்தேண்டி. நீ தூங்கும்போது பாத்துக்கினே இருப்பேன்."

"தூங்கினா எனக்கு எப்டிமா தெரியும்?"

நான் என் சுங்குடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு அங்கே நின்று பதில் கேட்க என்னால் முடியவில்லை. எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். பதினெட்டு வருடம் ஒரு தாய் மகளைத் தொடாமல் காவல் காத்திருக்கிறாள். இதை அன்பு என்பதா, பாவம் என்பதா, எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மழை விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் எலுமிச்சம்பழம் நறுக்குகிற வாசம் வந்தது, பிறகு இஸ்திரிப் பெட்டியில் கரி ஊதுகிற சத்தம். என்ன நடந்தாலும் காலைப் பூசைக்குத் துணி போயாக வேண்டுமே. அப்புறம் மீன் குழம்பு கொதித்தது.

விளக்கு வைத்து அரை மணி இருக்கும். மனசு கேட்காமல் ஒரு கிண்ணத்தில் தேங்காய்த் துவையல் எடுத்துக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது. நடுவீட்டில் பாய் விரித்திருந்தார்கள். பாய்க்கு முன்னால் மூன்று தட்டுகள், நீலக்கரையும் அவற்றில் ஒன்று. கொடியில் ஈர விரிப்பு தொங்கியது. தகரப் பெட்டி கட்டிலடிக்குத் திரும்பிப் போயிருந்தது. அக்கா சோற்றைப் போட்டுவிட்டு, கண்ணெல்லாம் வீங்கி, "வந்து உக்காருடி" என்றாள்.

ஐவி வந்தாள். குனிந்து தன் தட்டை எடுத்தாள். எடுத்தவள் மூலைக்குப் போய் மாதா படத்தின் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் மூவரையும் திருதிருவென்று பார்த்தாள்.

"வேணும்னு இல்லம்மா," என்றாள். "காலு தானா வந்துடுச்சி."

"பரவால்ல கண்ணு, எந்திரிச்சி வா" என்றார் பவுல்சாமி அண்ணன்.

அவள் எழப் பார்த்தாள். அரை எழும்பியவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"அங்க எனக்கு எப்டி உக்கார்றதுன்னே தெர்ல நைனா. தொண்டைல எறங்காது. நாளைக்கி பாக்கலாம்."

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. அந்த வீட்டில் இன்னும் நாலு வருடம் இருந்தாள் ஐவி. மீன் ஆயக் கற்றுக்கொண்டாள், கலர்ச் சேலை கட்டினாள், துணியைத் தகர வாளியிலேயே போட்டாள். அந்த நாலாவது வருடம் மார்கழியில் அவளை பிலோமிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தோம். அதுவரை ஒரு வேளைகூட அவள் அந்த மூலையை விட்டு வந்து சாப்பிட்டதில்லை.

ஆனால் அன்று நான் துவையல் கிண்ணத்தோடு நின்றபோது, மர்சலின் அக்கா கொஞ்ச நேரம் குழம்புச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேலே படத்தைப் பார்த்தாள். பயம் போகவில்லை, முகத்தில் அப்படியே இருந்தது. தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மூலைக்குப் போய் நின்றாள். அங்கே ஒருத்தர் உட்காரத்தான் இடம்.

"கொஞ்சம் தள்ளிக்கோ" என்றாள்.

ஐவி தள்ளிக்கொண்டாள். அக்கா மகளை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு நெத்திலியை எடுத்து முள் உருவி, அந்த நீலக்கரைத் தட்டில் வைத்தாள்.